கத்தி பட்டால் பரவுமா?



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு பள்ளி ஆசிரியர். மனைவியை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, அந்த வட்டியில் ஆண்டுக்கு ஒருவரை அழைத்து இந்நோயைப் பற்றித் தமிழில் பேசச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தார். 'தமிழில்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தாராம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் புற்றுநோய் அறுவை மருத்துவன். தியேட்டர், பயாப்சி, கீமோ என்றெல்லாம் பேச்சில் வந்து விழத்தான் செய்யும். கோடு போட்ட பெரியவர் மன்னிப்பாராக.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "கத்தி பட்டா பரவிடுமாமே, டாக்டர்?" படித்தவர்கள் கொஞ்சம் நாசூக்காகக் கேட்பார்கள், "பயாப்சி எடுத்தா ஸ்ப்ரெட் ஆயிடும்னு சொல்றாங்களே" என்று. கேள்வி ஒன்றுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா வந்தார். நாற்பத்தாறு வயது. இடது மார்பில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. கூடவே அண்ணன். நான் விளக்கி முடித்ததும் அந்த அம்மா இதே கேள்வியைக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "யாரம்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்றது?" என்றேன். அண்ணன் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று தங்கையையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். இருவரும் திரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து வந்தபோது மார்பு புண்ணாகி உடைந்திருந்தது. அந்த அம்மா ஓடிப் போனதற்கு ஊரார் சொன்னது பாதிக் காரணம். மீதிப் பாதி என் சிரிப்பு.

நான் சிரித்த கேள்வியையே வேறு சொற்களில் கேட்டு, அதன் பின்னால் முப்பது ஆண்டுகள் போன ஓர் அறுவை மருத்துவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே. டாட்டா நினைவு மையத்தின் இயக்குநராக இருந்தவர், 2013-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தப் பட்டங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர் கேட்ட கேள்விகளைப் பற்றித்தான் பேச்சு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் இருந்தார். புற்றுநோய் ஓரிடத்தில் முளைத்து, வேர் ஓடுவதுபோல வரிசையாகப் பக்கத்து இடங்களுக்குப் போகிறது என்பது அவர் எண்ணம். ஆகவே வேரோடு பிடுங்கினால் போதும். மார்பு, அதற்கு அடியிலுள்ள தசைகள், அக்குளிலுள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒரே பிடியாக எடுத்தார். உயிர் பிழைத்த பெண்களுக்கு விலா எலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும், கை வீங்கும். முக்கால் நூற்றாண்டு உலகம் முழுக்க இதுதான் சிகிச்சை.

பிட்ஸ்பர்க்கில் பெர்னார்டு ஃபிஷர் என்ற இன்னோர் அறுவை மருத்துவர் இதைச் சந்தேகித்தார். கட்டி கைக்குத் தட்டுப்படும்போதே அதன் விதைகள் ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கலாம், அப்படியானால் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் ஓடிப்போனவற்றைப் பிடிக்க முடியாதே என்றார். சந்தேகத்தோடு நிற்காமல் 1971-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். யாருக்குப் பெரிய அறுவை, யாருக்குச் சிறிய அறுவை என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவு செய்ய வேண்டும். 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிழைத்தவர் கணக்கில் வேறுபாடே இல்லை. 1976-இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் மார்பையே எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். 20 ஆண்டுக்குப் பிறகும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, நம் ஊரில் 'கரண்டு வைப்பது' என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சைத் தராவிட்டால் 100 பேரில் 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கொடுத்தவர்களுக்கு 14.

ஹால்ஸ்டெட்டின் கத்தி இப்படிச் சிறிதானது. எவ்வளவு வெட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வெட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அதிகம் பேர் கேட்கவில்லை. பட்வே உள்ளே வருவது இங்கேதான்.

1991-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட, மாதவிலக்கு நிற்காத 249 பெண்களின் பழைய கோப்புகளை எடுத்து, கடைசி மாதவிலக்கு தொடங்கி எத்தனையாவது நாளில் அறுவை நடந்தது என்று கணக்கிட்டிருந்தார்கள். முதல் பெயர் பட்வேயுடையது. 3-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாள் வரை அறுவை செய்துகொண்டவர்களில் பத்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 54 சதவீதம். மற்ற நாட்களில் செய்துகொண்டவர்களில் 84 சதவீதம். நான் அப்போது முதுநிலை மாணவன். நூலகத்தில் அந்தக் கட்டுரையை நின்றுகொண்டே படித்தேன். அறுவை ஒன்றுதான், ஆஸ்பத்திரி ஒன்றுதான், நாள்காட்டியில் சில நாள் தள்ளிப் போனதற்கு இவ்வளவு வேறுபாடா?

விளக்கம் ஒன்று சொன்னார்கள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் தனியாட்சி செய்கிறது. மாதத்தின் பின்பாதியில் புரோஜெஸ்டிரான் வந்து அதை அடக்குகிறது. கத்தி படும் நேரத்தில் ரத்தத்தில் எந்தச் சுரப்பு இருக்கிறது என்பது ஓடிப்போகும் செல்களின் கதியை மாற்றுகிறதோ? உலகெங்கும் மருத்துவர்கள் தங்கள் கோப்புகளைத் தூசி தட்டினார்கள். சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் இல்லவே இல்லை என்றார்கள். பழைய கோப்புகளை வைத்துச் செய்யும் ஆய்வின் தலையெழுத்து அது. நாளைக் குறித்ததில் கூடப் பிழை இருக்கும். எந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் பதற்றத்தில் மாதவிலக்குத் தேதி சரியாக நினைவிருக்கும்?

பட்வே அந்தக் கேள்வியை மும்பைக்குக் கொண்டுபோனார். டாட்டா மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நம் ஆசிரியரின் கதையும் அதனோடு ஒட்டுவதால். சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே தோராப்ஜியும் போய்விட்டார். அவர் பெயரிலான அறக்கட்டளை 1941-இல் பரேலில் அந்த மருத்துவமனையைத் திறந்தது. 1962 முதல் அது அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. ஆண்டுதோறும் நாடு முழுவதிலிருந்தும் வந்து வாசலில் காத்துக் கிடக்கும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடைபாதையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, அவர்களால் வாங்க முடிகிற மருந்தைத்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அங்கே பேசப்படாத விதி.

1997-இல் ஆய்வு தொடங்கியது. மாதவிலக்கு நாளைக் கணக்குப் பார்த்து அறுவைக்குத் தேதி குறிக்க முடியாது. அதற்குப் பதிலாக, அறுவைக்கு ஐந்திலிருந்து பதினான்கு நாட்கள் முன்பு 500 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் ஊசி ஒன்றே ஒன்று. கர்ப்பம் கலையாமலிருக்க மகப்பேறு மருத்துவர்கள் காலங்காலமாகப் போடும் ஊசிதான், விலை மலிவு. 1000 பெண்கள், பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. முடிவு 2011-இல் அச்சானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அக்குள் நெறிக்கட்டிக்கு நோய் போயிருந்த 471 பெண்களை மட்டும் தனியே பார்த்தால், ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 65 சதவீதம், போடாதவர்களில் 55 சதவீதம்.

இதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். நான் நம்பவில்லை. மொத்தக் கணக்கில் தோற்றுவிட்டு, ஒரு மூலையில் வெற்றி என்று காட்டும் ஆய்வுகளைப் படித்துப் படித்து அலுத்தவன் நான். அந்தப் பிரிவைத் தனியே பார்ப்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தாலும், அது ஓர் ஐயத்தைக் கிளப்புமே தவிர வழக்கத்தை மாற்றப் போதாது. இன்றும் நான் அந்த ஊசியைப் போடுவதில்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு. என்னை மிகவும் சங்கடப்படுத்தியதும் அதுவே.

நம்மிடம் வரும் பெண்களில் கணிசமானவர்கள் நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போன பிறகுதான் வருகிறார்கள். அவர்களுக்கு மருந்துதான் சிகிச்சை. மருந்துக்குக் கட்டி அடங்கியதும் குடும்பத்தார் கேட்பார்கள், "அந்த மூலக் கட்டியையாவது எடுத்துடலாமே, சார்?" நியாயமான கேள்வி. தலைவனைப் பிடித்துவிட்டால் படை கலைந்துவிடும் என்பது நம் எல்லோருடைய எண்ணமும். 2002-இல் அமெரிக்காவில் சீமா கான் என்ற அறுவை மருத்துவர் 16,023 நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்து, மூலக் கட்டியை எடுத்துக்கொண்டவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று எழுதினார். பல நாடுகளிலிருந்தும் அதே மாதிரிக் கட்டுரைகள் வந்தன. எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. நானும் எடுத்தேன். எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். அந்தப் பதிவேட்டில் யாருக்கு ஆபரேஷன் நடந்திருக்கும்? வயது குறைந்தவருக்கு, நோய் ஓரிரண்டு இடத்தில் மட்டும் இருந்தவருக்கு, மருந்துக்கு நன்றாக அடங்கியவருக்கு. தேறக்கூடியவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் கத்தியை எடுத்தோம். பிறகு, கத்தியால்தான் தேறினார்கள் என்று எழுதினோம்.

டாட்டாவில் 2005-இல் இதையும் சீட்டுக்கு விட்டார்கள். கீமோவுக்கு அடங்கிய 350 பெண்கள். ஒரு பாதிக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவை, கதிர்வீச்சு. மறுபாதிக்கு அது இல்லை. 2015-இல் லான்செட் ஆன்காலஜியில் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் நடுமதிப்பாக 19.2 மாதம் வாழ்ந்தார்கள். செய்துகொள்ளாதவர்கள் 20.5 மாதம். மார்பிலிருந்த நோய் அறுவையால் அடங்கியிருந்தது உண்மை. ஆனால் மற்ற இடங்களில் இருந்த நோய், அறுவை செய்துகொண்டவர்களிடம் சற்று வேகமாகவே வளர்ந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அந்த எலுமிச்சைக் கட்டி அம்மாவின் முகம் வந்தது. எலிகளில் மூலக் கட்டியை எடுத்தால் மிச்சமிருக்கும் கட்டி வேகமெடுக்கிறது என்று ஃபிஷரின் ஆய்வகமே பல ஆண்டுகளுக்கு முன் காட்டியிருந்தது. நாங்கள் அதை எலிக் கதை என்று தள்ளிவிட்டோம்.

மும்பை ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற ஒரு வகைக்கான விலை உயர்ந்த மருந்து பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை, ஆகவே பணக்கார நாடுகளுக்கு இது பொருந்தாது என்றார்கள். சரியான குறைதான். துருக்கியில் நடந்த ஆய்வு ஒன்று நீண்ட காலத்தில் அறுவையால் பயன் உண்டு என்றது. பிறகு அமெரிக்காவிலேயே நவீன மருந்துகளோடு ஓர் ஆய்வு நடந்து 2020-இல் முடிவு வெளியானது. அறுவையால் ஆயுள் கூடவில்லை. அந்த ஆய்வை நடத்தியவர் யார் தெரியுமா? அதே சீமா கான். தம் பழைய முடிவைத் தாமே சோதித்து, தாமே தள்ளினார். இதற்கு எத்தனை பத்மஸ்ரீ கொடுத்தாலும் தகும்.

இப்போது கத்தி படும் நேரத்துக்கே வருகிறேன். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, லிக்னோகெய்ன், அந்த மருந்து. ஒரு குப்பி வாங்கும் காசில் நம் ஊர் ஓட்டலில் ஒருவர் வயிறார மதியச் சாப்பாடு சாப்பிட முடியாது. புற்றுச் செல்களின் மேற்பரப்பில் சோடியம் போகவரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. செல் நகரவும் ஊடுருவவும் அவை உதவுகின்றன என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். லிக்னோகெய்ன் நரம்பை மரக்கச் செய்வதும் இதே மாதிரி வாசல்களை மூடித்தான். அப்படியானால் கத்தி வைப்பதற்கு முன்பு கட்டியைச் சுற்றி இதை ஏற்றிவிட்டு, வாசலை மூடிவிட்டு, பிறகு வெட்டினால்?

2011-இல் தொடங்கி இந்தியாவின் 11 புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்த ஆய்வு நடந்தது. முதலில் நேராக அறுவைக்கே போகக்கூடிய, தொடக்க நிலை நோயுள்ள 1,600 பெண்கள். பாதிப் பேருக்கு, மயக்கம் கொடுத்த பிறகு, கட்டியின் எல்லாப் பக்கங்களிலும் 0.5 சதவீத லிக்னோகெய்ன் ஏற்றி, ஏழிலிருந்து பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு அறுவை. வேறு எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 86.6 சதவீதம், போடாதவர்களில் 82.6. உயிரோடு இருந்தவர்கள் 90.1, 86.4. பாரிஸில் 2022 செப்டம்பரில் பட்வே இதை வாசித்தார். அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது.

நூறு பேருக்கு நாலு பேர் என்பது சின்னக் கணக்காகத் தோன்றும். லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் சில மருந்துகளின் பயன் இதைவிடக் குறைவு. ஆனாலும் இந்த முடிவைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட முடியாது. யாருக்கு ஊசி போட்டோம் என்பது அறுவை செய்தவருக்குத் தெரியும். போடாதவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போடவில்லை. சோடியம் வாசல் விளக்கம் அழகாக இருக்கிறது, அந்தப் பெண்களின் உடம்பில் அதுதான் நடந்தது என்று யாரும் காட்டவில்லை. வேறு நாட்டில் வேறு கைகள் இதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். மருந்து விற்று லாபம் பார்க்க வழியில்லாத ஆய்வுக்கு எந்தக் கம்பெனி பணம் போடும் என்பதுதான் தொல்லை.

நான் போடுகிறேன். கட்டுரை வந்ததிலிருந்து போடுகிறேன். நோயாளியிடம் சொல்லிவிட்டே போடுகிறேன்: "இது பயன் தரலாம்னு நம்ம நாட்டு ஆய்வு ஒண்ணு சொல்லுதும்மா. கெடுதல் இல்லை. பத்து நிமிஷம் கூடுதலா ஆகும்." புரோஜெஸ்டிரானை நம்பாதவன் லிக்னோகெய்னை எப்படி நம்பினாய் என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். இங்கே மொத்தக் கணக்கே பேசுகிறது, மூலையைத் தேடிப் போகவில்லை. அவ்வளவுதான் என் பதில்.

சிகிச்சையைப் பற்றியே பேசிவிட்டேன். கண்டுபிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்திக்குப் பயந்து ஓடுகிறவர்களைவிட, கட்டி இருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் அதிகம். 2020-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,78,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. சுமார் 90,000 பேர் இறந்தார்கள். மேலை நாடுகளில் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். நம் பெண்களுக்கு நோய் வரும் வயது அங்கிருப்பதைவிட ஏறத்தாழப் பத்தாண்டு குறைவு. இளவயது மார்பு அடர்த்தியானது, படத்தில் கட்டி தெளிவாகத் தெரியாது. கருவிக்கும் படத்தைப் படிக்கிற டாக்டருக்கும் நாம் எங்கே போவது?

டாட்டாவில் இந்திரநீல் மித்ரா தலைமையில், பட்வேயும் பங்கேற்க, 1998-இல் மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள். 20 பகுதிகளாகப் பிரித்தார்கள். பத்துப் பகுதிகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். கருவி கிடையாது. வெறும் விரல்கள். மற்றப் பத்துப் பகுதிகளில் நோயைப் பற்றிய விளக்கம் மட்டும். இருபது ஆண்டுக்குப் பிறகு, 2021-இல் கணக்கு வந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதித்த பகுதிகளில் 37 சதவீதம், மற்றவற்றில் 47. இறப்பு 15 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் நிற்கிறது. 50 வயதும் அதற்கு மேலுமான பெண்களில் மட்டும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே இறப்பில் குறிப்பிடும்படியான பயன் இல்லை.

மறுபடியும் மூலையா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஆனால் இது இருபதாண்டு, ஒன்றரை லட்சம் பெண்கள். மேமோகிராம் ஆய்வுகளிலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கே பயன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே இந்த மூலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. பரிசோதிக்காத பகுதிப் பெண்களை இருபதாண்டு அப்படியே விட்டது முறையா என்ற கண்டனமும் எழுந்தது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இதே திட்டத்தில் நடந்ததால் அந்தக் கண்டனம் கடுமையாகவே இருந்தது. அந்த நாளில் நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் அப்படிப் பரிசோதனை நடக்கவில்லை என்பது ஆய்வை நடத்தியவர்கள் தரப்பு. எனக்கு அந்தப் பதில் முழு நிறைவு தரவில்லை. கேள்வி கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பது வேறு கேள்வி.

அக்குள் அறுவையில் பட்வேயின் குழு செய்ததை இங்கிருக்கும் இளம் மருத்துவர்களுக்காக ஒரே வரியில் சொல்கிறேன். கதிரியக்க மருந்தும் அதைக் கண்டறியும் கருவியும் இல்லாத ஊரில், அக்குளில் குறுக்கே ஓடும் முதல் நரம்புக்குக் கீழேயுள்ள கொழுப்பைத் திரட்டி எடுத்துச் சோதித்தாலும் நெறிக்கட்டியின் நிலை தெரிந்துவிடும் என்று காட்டினார்கள். மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலேயே இதைச் செய்யலாம். கற்றுக்கொள்ளுங்கள்.

2016-இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்தாண்டு நீண்ட இடைவெளி என்பது என் எண்ணம். மும்பையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்துதான் அந்தப் பயன் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்காவது இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதமும் ஒரு பெண் கேட்டார், "கத்தி பட்டா பரவிடுமாமே, டாக்டர்?" இப்போது நான் சிரிப்பதில்லை. "நல்ல கேள்விம்மா. இதையே ஒரு பெரிய டாக்டர் முப்பது வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். உடம்பு முழுக்கப் போயிடுச்சுன்னா நாங்களே கத்தி வைக்க யோசிப்போம். உனக்கு மார்போட இருக்கு. இப்ப எடுக்காம விட்டாதான் பரவும். எடுக்கும்போது ஒண்ணும் ஓடிடாம இருக்க ஓர் ஊசியும் போடுறோம்" என்றேன். ஊசி பற்றி நான் சொன்னது ஆய்வு சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் 'வலிக்கவில்லையே' என்று இருந்துவிடாதீர்கள். இந்நோயில் வலி பெரும்பாலும் தொடக்கத்தில் வருவதில்லை. காம்பில் ரத்தம் வந்தாலும், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், தோல் சுருங்கினாலும் உடனே காட்டுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்து வாருங்கள், முன்பு எடுத்த ஸ்கேன், ரிப்போர்ட் எதுவும் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.